டைனமோவில் ‘ரோஜா’, ஜெனரேற்றரில் ‘தேவர் மகன்’

1990இல் போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது நான் எங்கள் கல்லூரியில் ஆண்டு எட்டு. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். பாட்டுக் கேட்க ஆசை வந்தால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை றேடியோவில் கொழுவி, பெடலைக் கையால் சுற்ற வேண்டும்.

‘ரோஜா’ பாட்டுகளை அப்படித்தான் கேட்டேன். 1992இல் வந்த படம், ஏ.ஆர். ரஹ்மானுக்கு அதுதான் முதற்படம். கொழும்பிலிருந்து வந்த கசெட்டைக் கொப்பி அடித்து, அந்தக் கொப்பியையும் கொப்பி அடித்து எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தது. முறை வைத்துச் சுற்றுவோம். கை களைத்தால் ‘சின்னச் சின்ன ஆசை’யில் மின்மினியின் குரல் தடித்து இழுபடும். “டேய், சுத்தடா!” என்று எல்லாரும் கத்த, குரல் மெல்ல மெல்லப் பழையபடி எழும்பி வரும். அந்த எழும்பல் பாட்டோடு சேர்ந்த ஒன்றாகவே என் காதில் பதிந்துவிட்டது. அந்த இசைக்காக ரஹ்மானுக்கும், அந்தப் பாட்டுக்காக வைரமுத்துவுக்கும் தேசிய விருது கிடைத்த செய்தி எங்களுக்கு எப்போது எட்டியதோ, நினைவில்லை.

ரொறன்ரோவுக்கு வந்த பிறகு நல்ல ஹெட்போனில் அதே பாட்டைக் கேட்டேன். அடியில் பேஸ் ஓடிக்கொண்டிருந்தது! அப்படியொன்று அந்தப் பாட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. நின்ற இடத்திலேயே நாலு தரம் திருப்பிப் போட்டேன்.

‘தேவர் மகன்’ கதை வேறு. அதுவும் 1992தான், தீபாவளிப் படம். எங்களூர் முற்றமொன்றில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரை மதிலுக்கு அங்கால் வைத்திருந்தும் அதன் சத்தம் பாதி வசனத்தை விழுங்கியது. பின்னால் பாயில் இருந்த எங்களுக்குச் சிவாஜியின் மீசையும் கண்ணும் மட்டுமே. பட்டணத்தில் ரெஸ்ரோறன்ற் நடத்தப் போகிறேன் என்று மகன் கமல் சொல்ல, தகப்பன் ஊரையும் சனத்தையும் காட்டிப் பேசுகிற அந்த இடத்தில் எதுவும் கேட்கவில்லை. ஏற்கெனவே இரண்டு தரம் பார்த்திருந்த, ஏ.எல். (உயர்தர வகுப்பு) படித்த அண்ணை ஒருவர், சிவாஜியின் வாய் அசைய அசைய, வசனத்தை எங்கள் காதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு சொல்லும் பிசகவில்லை. ஆனால் மூச்சுவிடாமற் சொன்னார்.

போன மாரியில் அந்தப் படத்தை வீட்டில் தனியே இருந்து பார்த்தேன். அந்தக் காட்சியில் என்னை அடித்துப்போட்டது வசனமல்ல. வசனம் எனக்குப் பாடம். ஒரு வசனத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் சிவாஜி விடுகிற இடைவெளி. மகனைப் பார்த்துவிட்டு, சொல்ல வந்ததை விழுங்கி, வேறொன்றைச் சொல்கிற மாதிரி ஒரு தயக்கம். சிவாஜி என்றால் உரத்த குரல் என்று நினைத்திருந்தவன் நான். அந்தத் தயக்கத்தில்தான் பெரிய தேவர் கிழவராகிறார். தேசிய விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருது இந்த நடிப்புக்குத்தான் அறிவிக்கப்பட்டது. என்னைக் கேட்டால், அவருடைய பிற்காலப் படங்களில் இதற்குக் கிட்ட வேறொன்றும் வராது.

அண்ணை இப்போதும் கொக்குவிலில்தான். அன்றிரவே ரெலிபோன் எடுத்து, “அண்ணை, அதிலை சிவாஜி நிப்பாட்டி நிப்பாட்டியெல்லோ கதைக்கிறார்” என்றேன்.

“தெரியுமடா தம்பி. நிப்பாட்டினால் ஜெனரேற்றர் சத்தம்தானே உங்களுக்குக் கேட்டிருக்கும்?” என்றார்.