வெளிநாட்டில் ஏடிசி வேலை: ரேட்டிங் உயிரோடு இருக்கும்போதே தொடங்குங்கள்

சென்னை ஏரியா கன்ட்ரோலில், அதாவது பறக்கும் விமானங்களை வழிநடத்தும் மையத்தில், பல வருடங்கள் ரேடார் முன்னால் உட்கார்ந்தவள் நான். கணவருக்கு மெல்போர்னில் வேலை கிடைத்து, குடும்பத்துக்கே ஆஸ்திரேலிய நிரந்தர வசிப்புரிமை வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் வேலை என்ன ஆகும் என்ற கேள்விக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. நர்ஸுக்கும் சாஃப்ட்வேர்காரர்களுக்கும் வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஏடிசி எனப்படும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் நாடு மாறினால் என்ன செய்வது என்று தமிழில் எழுதியவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்த நாடு நம்மை எடுக்கும் என்பது. அமெரிக்காவில் விமானப் போக்குவரத்தைக் கவனிக்கும் எஃப்ஏஏ என்ற அரசு அமைப்பின் வேலைக்குக் குடியுரிமை கட்டாயம். புதிதாகச் சேர்பவர்களுக்கு 31 வயதுக்குள் என்ற வரம்பும் உண்டு. கனடாவில் இந்த வேலையை நடத்தும் நவ் கனடா நிறுவனத்துக்குக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் பயிற்சியாளராகச் சேர ஏறக்குறைய அதே நிபந்தனைதான். வளைகுடா நாடுகள் வேறு மாதிரி. அங்கே அனுபவமுள்ள வெளிநாட்டு கன்ட்ரோலர்களை வேலை விசா கொடுத்தே எடுக்கிறார்கள். ஆனால் ரேடார் அனுபவம் கேட்பார்கள். ஆக, விசா கையில் இல்லாதவர் வளைகுடாப் பக்கமும், நிரந்தர வசிப்புரிமை உள்ளவர் மற்ற பக்கமும் பார்ப்பதுதான் நடைமுறை. வசிப்புரிமை இல்லாமல் ஆஸ்திரேலியப் பணி வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் என் தோழியிடம் முன்பணம் கேட்டார். அந்தப் பேச்சை நம்பவே வேண்டாம்.

அடுத்தது லைசென்ஸ். நம் லைசென்ஸ் ஐகாவோ என்ற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளின்படி கொடுக்கப்படுவதால் எந்த நாட்டிலும் செல்லும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கார் ஓட்டும் லைசென்ஸை மாற்றுவது போல இதை மாற்ற முடியாது. லைசென்ஸில் சேரும் பணித் தகுதியான ரேட்டிங் என்பது ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு, அந்த வான்வெளிக்கு உரியது. வங்காள விரிகுடாவின் மேல் கொழும்புக்கும் கோலாலம்பூருக்கும் விமானத்தைக் கைமாற்றிவிடத் தெரிந்த எனக்கு, மும்பை டவரில்கூட மறுபடி பயிற்சி முடிக்காமல் மைக்கைத் தொட அனுமதி கிடையாது. அப்படியிருக்க வேறு நாட்டில் எப்படி?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஐகாவோவின் முதலாம் இணைப்பு விதிப்படி, கன்ட்ரோலர் தன் ரேட்டிங்கைப் பயன்படுத்தாமல் இருந்தால் அது செல்லாததாகிவிடும். அந்தக் கால அளவை ஒவ்வொரு நாடும் தீர்மானிக்கலாம், ஆனால் 6 மாதத்தைத் தாண்டக் கூடாது. ராஜினாமா செய்துவிட்டு, மூட்டை கட்டிக் கிளம்பி, வீடு பார்த்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, அப்புறம் நிதானமாக விண்ணப்பம் போட்டால் கையில் இருப்பது காலாவதியான அனுபவம். எனக்கு முன்னால் துபாய் போன ஒரு சீனியர் அக்கா இதை போனில் அழுத்திச் சொன்னார்: "கன்சோலை விட்டு எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே அப்ளை பண்ணும்மா. இன்டர்வியூல அவங்க கேக்கற முதல் கேள்வியே கடைசியா எப்போ பொசிஷன்ல உக்காந்தேங்கிறதுதான்." அவர் சொன்னதை அப்படியே செய்தேன். சென்னையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே அனுபவமுள்ள கன்ட்ரோலர்களுக்கான பிரிவில் ஏர்சர்வீசஸ் ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்தேன்.

அந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரசுக்குச் சொந்தமானது, உலக வான்வெளியில் சுமார் 11 சதவீதத்தைக் கவனிக்கிறது. தொலைதூரப் பறப்பை மெல்போர்ன், பிரிஸ்பேன் என்ற இரண்டு சென்டர்கள் பிரித்துக்கொள்கின்றன. டார்வின், டவுன்ஸ்வில் மாதிரி சில இடங்களில் விமானப்படையே டவர் நடத்துகிறது, அங்கே நமக்கு வேலை இல்லை. லைசென்ஸ் கொடுப்பது தனி அமைப்பு, சிஏஎஸ்ஏ. வேலை கொடுப்பவரும் லைசென்ஸ் கொடுப்பவரும் வேறு வேறு என்பதால் காகிதங்களும் இரண்டு வழியாகப் போகும்.

விண்ணப்பத்துக்குப் பின் ஆன்லைனில் திறன் சோதனைகள். மனக்கணக்கு, திசை கணிப்பு, காதில் ஒன்றைக் கேட்டுக்கொண்டே கண்ணில் இன்னொன்றைப் பார்ப்பது, எல்லாமே நேரக் கட்டுப்பாட்டில். கன்ட்ரோலராக இருந்தவர்களுக்கு இது சுலபம் என்று நினைக்கக் கூடாது. நமக்குப் பழக்கம் 250 டிகிரி ஹெடிங்கும் (திசை) ஃப்ளைட் லெவலும் (உயரம்). அங்கே வருவது திரும்பித் திரும்பி ஓடும் வெறும் வடிவங்கள். தினமும் கொஞ்ச நேரம் பயிற்சி செய்தது எனக்கு நன்றாகவே உதவியது.

நேர்முகத்தில் விதிமுறைப் புத்தகத்தின் பத்தி எண்ணை யாரும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் இடிமேகத்தைச் சுற்றிப் போக நான்கு விமானங்கள் ஒரே நேரத்தில் வழிமாற்றம் கேட்டால் முதலில் யாருக்குப் பதில் சொல்வாய், ஏன் என்று கேட்டார்கள். அக்டோபர், நவம்பரில் சென்னையில் வேலை பார்த்த எவருக்கும் அந்தக் கேள்வி புதிதல்ல. உயரத்தில் பிரிவை முதலில் உறுதி செய்துவிட்டு அப்புறம் திருப்பங்களைக் கொடுப்பேன் என்று ஆரம்பித்து, அப்படி நடந்த ஒரு மாலையை விவரித்தேன். நம் ஊர் அனுபவத்தை நாமே குறைத்து மதிப்பிடுகிறோம். ரேடார் எட்டாத கடலுக்கு மேல், நேரக் கணக்கிலும் தூரக் கணக்கிலும் விமானங்களைப் பிரித்து வைக்கும் வேலையை நாம் தினமும் செய்கிறோம். அதைத் தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

காகிதங்கள் பற்றி. ரேட்டிங் பதிவுகள், ப்ரோஃபிஷியன்சி செக் (பணித்திறன் சோதனை) முடிவுகள், பிரயாக்ராஜ் பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழ்கள், ஆங்கிலத் திறன் நிலை, மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று, இவற்றை எல்லாம் சென்னையில் இருக்கும்போதே நகலெடுத்துச் சான்றொப்பம் வாங்கிவிட்டேன். லைசென்ஸ் உண்மையானதுதான் என்று வழங்கிய நாடு உறுதி செய்ய வேண்டும். அதற்கான கோரிக்கையையும் கிளம்பும் முன்பே தொடங்கினேன். ஆங்கிலத்தில் 4ஆம் நிலை இருந்தால் விதிப்படி போதும், ஆனால் 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி சோதனை. 6ஆம் நிலை வாங்கியவருக்கு மறுசோதனை கிடையாது. முடிந்தால் 6க்கு முயற்சி செய்யுங்கள். மெல்போர்னில் மருத்துவப் பரிசோதனையை மறுபடி சிஏஎஸ்ஏ அங்கீகரித்த மருத்துவரிடம் செய்தேன். விமான நிலையப் பாதுகாப்பு அடையாள அட்டைக்குப் பின்னணி விசாரணை நடக்கும், அதற்கு அவகாசம் விட வேண்டும்.

வேலைக்குத் தேர்வாகியும் வகுப்பு தொடங்கச் சில மாதங்கள் இருந்தன. அந்த இடைவெளியில் சிமுலேட்டர் பைலட்டாகப் பகுதிநேரம் வேலை பார்த்தேன். பயிற்சி பெறும் கன்ட்ரோலர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து "டிசென்ட்" என்று சொன்னால், விமானி போலத் திரும்பச் சொல்லி, திரையில் விமானத்தை இறக்குவது நம் வேலை. சம்பளம் குறைவு. ஆனால் அந்த ஊர் உச்சரிப்பு, அவர்கள் சொற்களைச் சுருக்கும் விதம், பயிற்சியாளர்கள் எதைத் திருத்துகிறார்கள் என்பது எல்லாம் காதில் ஏறிவிடும். ஊர் மாறும் கன்ட்ரோலருக்கு இதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் பயிற்சி. புதிதாக வருபவர்களுக்கு மெல்போர்ன் அகாடமியில் சுமார் ஒரு வருடம்; எங்கள் குழுவுக்கு அதைவிடக் குறைவு. பெரிய மாற்றம் வான்வெளியின் அமைப்பில்தான். கட்டுப்பாடு எவ்வளவு என்பதைப் பொறுத்து வான்வெளியை எழுத்துகளால் வகைப்படுத்துவார்கள். இந்தியாவில் டி, இ, எஃப், ஜி என்ற வகைகள். ஆஸ்திரேலியாவில் ஏ, சி, டி, இ, ஜி. எஃப் கிடையாது. பாலைவனத்தின் மேல் கட்டுப்பாடில்லாத ஜி வகை வான்வெளி பரந்து கிடக்கிறது. அதற்குள் கருவி விதிப்படி, அதாவது வெளிப்பார்வையை நம்பாமல் கருவிகளை வைத்து, பறக்கும் சிறிய விமானத்துக்கு நாம் ஆணை கொடுப்பதில்லை. ஆனால் அருகில் வேறு எது வருகிறது என்ற தகவலைக் கொடுத்தாக வேண்டும். "கிளியர்டு" (அனுமதி உண்டு) என்று சொல்லியே பழகிய வாய்க்கு இது வரச் சில வாரங்கள் பிடித்தன. கட்டுப்படுத்தாமல் பொறுப்பேற்பது ஒரு தனித் திறமை. அதை அங்கே கற்றுக்கொண்டது எனக்குப் பெருமை.

செக்டர், அதாவது ஒரு கன்ட்ரோலர் கவனிக்கும் வான்பகுதி; அதன் வரைபடத்தை வெள்ளைத் தாளில் நினைவிலிருந்து வரைய வேண்டும். மில்டுரா, வாகா வாகா, உமேரா, கல்கூர்லி என்று ஊர்ப் பெயர்கள், பாதைகள், அலைவரிசைகள், அண்டை செக்டர்கள். காட்பாடி, திருச்சி என்று மனதில் ஓடிய வரைபடத்தின் இடத்தில் இவை உட்கார வேண்டும். சமையலறைச் சுவரில் பெரிய தாளை ஒட்டி வைத்தேன். பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் கேள்வி கேட்பார்கள். அவர்களுக்கே பாதி செக்டர் மனப்பாடம் ஆகிவிட்டது.

சிமுலேட்டர் முடிந்து நேரடிப் பணியிடப் பயிற்சி. பக்கத்தில் பயிற்றுநர் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருக்க, அவருடைய லைசென்ஸின் கீழ் நாம் பேசுவோம். சிலர் இந்தக் கட்டத்தில் நின்றுவிடுகிறார்கள். திறமை இல்லாததால் என்று சொல்ல மாட்டேன். பழைய ஊரின் வேகத்தையும் பழக்கத்தையும் கழற்றி வைப்பது கஷ்டம். எனக்குக் கடைசிச் சோதனை முடிந்து ரேட்டிங் கையில் வந்தபோது, சென்னையில் முதல் ரேட்டிங் வாங்கிய நாளைவிட அதிகம் சந்தோஷப்பட்டேன்.

ஏர் டிராஃபிக் பக்கம் இல்லாமல் தொழில்நுட்பப் பக்கம், அதாவது ரேடார், வானொலிக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர்களாக இருப்பவர்களுக்கு இந்த 6 மாதக் கெடு அப்படியே பொருந்தாது. ஆனாலும் எந்தக் கருவியில் என்ன பயிற்சி, எத்தனை வருடம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொதுத்துறைப் பணியில் இருப்பவர்கள் எல்லோரும் ஒப்பந்தக் காலம், தடையில்லாச் சான்று, விஜிலென்ஸ் கிளியரன்ஸ் மூன்றையும் ராஜினாமாக் கடிதத்துக்கு முன்பே விசாரித்து வையுங்கள். பணியிலிருந்து விடுவிக்கும் கடிதத்தோடு, எந்தப் பொசிஷனில் எந்தத் தேதி வரை வேலை பார்த்தீர்கள் என்ற தனிக் கடிதமும் கேட்டு வாங்குங்கள். மெல்போர்னில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட காகிதம் அதுதான்.