க்யூஜிஐஎஸ்ஸும் மூணாறு தலைப்பும்

ஜிஐஎஸ், அதாவது கம்ப்யூட்டர்ல மேப் வரைஞ்சு ஒவ்வொரு இடத்தோட தகவலையும் அதோட சேர்த்து வைக்கிற வேலை, கத்துக்கலாம்னு யூட்யூப்ல தேடுனா வர்ற வீடியோ எல்லாம் ஒண்ணு மலைல ஆரம்பிக்குது, இல்லன்னா ஏதோ வெளிநாட்டு டவுன்ல ஆரம்பிக்குது. நமக்கு நீடாமங்கலம் பக்கம், மேடுன்னு சொல்லிக்க ஆத்தங்கரையும் திடலும்தான் இருக்கு. நான் எங்க ஊர் வாய்க்காலையே வரைஞ்சுதான் கத்துக்கிட்டு வர்றேன், டெல்டால இருந்து இதுக்குள்ள வர்ற யாருக்காவது ஆகும்னு கொஞ்சம் எழுதி வைக்கிறேன்.

சாஃப்ட்வேர் க்யூஜிஐஎஸ். காசு கிடையாது, 2002ல கேரி ஷெர்மன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, இப்ப உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதுறாங்க. உள்ள போனதும் வெக்டர், ராஸ்டர்னு ரெண்டு சொல்லுவாங்க, பயப்பட ஒண்ணுமில்ல. ஷட்டர் (தண்ணியைத் திறந்து மூடுற மதகுக் கதவு) ஒரு புள்ளி, வாய்க்கால் ஒரு கோடு, வயல் ஒரு பாலிகன் (சுத்தி அடைச்ச வடிவம்), இதெல்லாம் வெக்டர். சேட்டிலைட் படம் மாதிரி கட்டம் கட்டமா, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நம்பரோட வந்தா ராஸ்டர். புதுசா வர்றவங்க எல்லாரும் கலர் மாத்துறதுலயே நேரத்தை ஓட்டிடுறாங்க, ஆனா ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னாடி இருக்குற அட்ரிப்யூட் டேபிள்லதான், அதாவது அதோட தகவல் அட்டவணைலதான், சரக்கே இருக்கு, படம் சும்மா முகம்தான்.

கோஆர்டினேட் சிஸ்டம்னு, ஒரு இடத்தை எந்த நம்பர் கணக்குல குறிக்கிறதுங்கற பாடம் வரும், அதை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க. போன் ஜிபிஎஸ் தர்றது டபிள்யூஜிஎஸ் 84, க்யூஜிஐஎஸ்ல தேடுற நம்பர் 4326, அது டிகிரி கணக்கு. டிகிரில நிலத்தோட பரப்பளவை அளந்தா என்ன வரும், சதுர டிகிரின்னு எவனுக்கும் புரியாத ஒண்ணு வரும். மீட்டர்ல வேணும்னா யுடிஎம்னு உலகத்தை பட்டை பட்டையா பிரிச்சு அளக்குற முறை இருக்கு, அதுல ஸோன் 44 வடக்கு, நம்பர் 32644, கிழக்கு 78 டிகிரில இருந்து 84 வரைக்கும், டெல்டா முழுக்க இதுக்குள்ள அடங்கிடும். மேட்டூர் அடங்காது, அது 78க்கு மேற்கால 43வது ஸோன்ல கிடக்கு, அதனால அணைல இருந்து கடல் வரைக்கும் காவிரியை ஒரே மேப்ல வரையப் போறவங்க முதல்லயே யோசிச்சுக்கணும்.

பரப்பளவு வந்ததும், டேபிள்ல கணக்குப் போடுற ஃபீல்ட் கால்குலேட்டர்ல ஒரு வேலை பண்ணலாம். நம்ம பக்கம் 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா 14,400 சதுர அடி, அதாவது 1337.8 சதுர மீட்டர் சுமார். சதுர மீட்டரை 1337.8ஆல வகுத்து டேபிள்ல புதுசா ஒரு காலம் (நெடுவரிசை) போட்டுட்டா வயலோட அளவு மாவுலயே நிக்கும். ஹெக்டேர்ல சொன்னா எங்க தாத்தா காதுலயே வாங்க மாட்டாரு, "எத்தனை மாடா அது"ன்னுதான் கேப்பாரு, இப்ப அவரும் லேப்டாப்பை எட்டிப் பாக்குறாரு.

தமிழ்ல டேபிள் வைக்கிறவங்களுக்கு ஒண்ணு: மேப்பை சேமிக்கிற பழைய ஃபைல் வகையான ஷேப்ஃபைல் வேணாம். அதுல காலத்தோட பேரு 10 பைட்டுக்கு மேல போகாது, யூனிகோடோட யூடிஎஃப்-8 முறைல தமிழுக்கு ஒரு எழுத்தோ ஒரு கொம்போ ஒரு புள்ளியோ எதுக்கும் 3 பைட்டு வேணும், 'வாய்க்கால்'னு ஒரு பேரே உள்ள நுழையாது. ஜியோபேக்கேஜ்ங்கற இன்னொரு ஃபைல் வகைல இந்தத் தொல்லை இல்ல.

இனிமேதான் விஷயம். பாடத்துல ஆறு எப்படி ஓடுதுன்னு மென்பொருளே கண்டுபிடிக்கிற வித்தை ஒண்ணு வரும், எல்லாருக்கும் பிடிச்ச பாடம் அது. உயர மேப்பை எடுத்துக்கும், ஒவ்வொரு கட்டத்துல இருந்தும் சுத்தி இருக்குற எட்டு கட்டத்துல எது ரொம்ப பள்ளமோ அங்க தண்ணியை விடும், அப்படியே ஓடை சேர்ந்து ஆறாகும். மலைநாட்டுல அழகா வரும். டெல்டால போட்டுப் பாருங்க, கண்றாவியா இருக்கும், ஆறு இல்லாத இடத்துல ஆறு, வீட்டுக் கொல்லைல குளம்.

காரணம் ரெண்டு மூணு. இலவசமா கிடைக்கிற உயர டேட்டால பிரபலமானது எஸ்ஆர்டிஎம், 2000 பிப்ரவரில எண்டவர் விண்கலத்துல ரேடார் வச்சு எடுத்தது, கட்டம் 30 மீட்டர் சுமார், உயரம் முழு மீட்டர்ல மட்டும்தான் பதிஞ்சிருக்கும். இங்க நிலத்தோட சரிவு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட தேறாது, அப்ப ஒரு கிலோமீட்டர் போனாலும் நம்பர்ல சரிவு சரியாத் தெரியாது, நடுவுல தென்னந்தோப்பு இருந்தா அதைத்தான் மேடுன்னு நம்பும். இந்த சமதளம் அந்தக் காலத்துலயே சர்வேக்காரங்களை பாடா படுத்தியிருக்கு, 1802ல மெட்ராஸ்ல நிலத்தை அளக்க ஆரம்பிச்ச வில்லியம் லாம்ப்டன்னு ஒரு பிரிட்டிஷ் சர்வேயர் டெல்டாவுக்கு வந்தப்ப ஏறி நின்னு பாக்க குன்று இல்லாம கோபுரங்களைத்தான் பிடிச்சாரு, 1808ல தஞ்சாவூர் பெரிய கோயில் மேல தியோடலைட்டை (கோணம் அளக்குற கருவி) ஏத்தும்போது கயிறு அறுந்து அரை டன் கருவி மோதி அடிபட்டுப் போச்சு, அதை அவரே உக்காந்து சரி பண்ணிருக்காரு.

ரெண்டாவது, நம்ம ஆறெல்லாம் வண்டல் போட்டுப் போட்டு வயலை விட ஒசரமாவே ஓடும். மூணாவதுதான் பெருசு, அந்தக் கணக்குக்கு தண்ணி சேரத்தான் தெரியும், பிரியத் தெரியாது. நீடாமங்கலம் பக்கத்துல மூணாறு தலைப்புன்னு ஆறு பிரியுற இடம் இருக்கு, அங்க வெண்ணாத்துத் தண்ணி வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மூணா பிரியுதே, மென்பொருள் அங்க ஏதாவது ஒரு பக்கத்தைத்தான் பிடிச்சுக்கும்.

ரிட்டையர் ஆன லஸ்கர் (ஷட்டரைத் திறந்து மூடி வாய்க்காலைப் பாத்துக்கற பணியாளர்) ஒருத்தர்ட்ட இதைச் சொன்னேன். "மேடு பள்ளம் பாத்தா தம்பி இங்க தண்ணி போவுது, முறை பாத்துல்ல போவுது"ன்னாரு. எந்த ஷட்டரை எப்ப எத்தனை அடி தூக்குறாங்க, இந்த வாரம் யாருக்கு முறை, அதுதான் திசை. அவரோட ரெண்டு வாய்க்காலுக்கு நடந்துட்டு வந்து உயர மேப்பைத் தூக்கிப் போட்டுட்டேன். இப்ப கோடு வரையும்போதே தலைப்புல இருந்து கடைமடை நோக்கித்தான் வரையறேன், கோட்டுக்கு திசை உண்டு, தலைகீழா வரைஞ்சா அம்புக்குறியும் தலைகீழா நிக்கும். பிரியுற இடத்துல புள்ளி வச்சு டேபிள்ல ஷட்டர் எத்தனை, திறக்குதா துருப்பிடிச்சுக் கிடக்கா, பாயுறது எந்த வயல்னு எழுதுறேன். கிளைக்குக் கிளையா பிரியுற சி, டி வாய்க்காலுக்கெல்லாம், ஆளுங்க சேர்ந்து வரையுற இலவச மேப்பான ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல கோடே பெரும்பாலும் இல்ல, அதோட பேரு ஊருக்குள்ள வயசானவங்க வாயிலதான் இருக்கு, அதனால பேருக்குன்னே தனியா ஒரு காலம்.

ஒரு எச்சரிக்கை, போன் ஜிபிஎஸ் வெட்டவெளிலயே மூணு அஞ்சு மீட்டர் தள்ளிக் காட்டும், வரப்பே அவ்வளவு அகலம் கிடையாது. ஆப்ல நடந்து எடுத்த கோட்டைக் காட்டி பங்காளிகிட்ட சண்டைக்குப் போகாதீங்க, அதுக்கு புல வரைபடமும் சர்வேயரும்தான்.

அடுத்து சம்பால எந்தக் கடைமடைக்கு தண்ணி லேட்டா வருதுன்னு பாக்கணும். சென்டினல் 2 சேட்டிலைட் படம் 10 மீட்டர் கட்டத்துல அஞ்சு நாளைக்கு ஒருக்க இலவசமா வருது, ஆனா ஐப்பசி கார்த்திகைல இறக்கிப் பாத்தா வெறும் மேகம்தான். சென்டினல் 1 சேட்டிலைட்டோட ரேடார் மேகத்தைத் தாண்டிப் பாக்கும், தண்ணி கட்டி நிக்கிற வயல் அதுல கருப்பாத் தெரியும். நாத்து வளந்துட்டா அந்தக் கருப்பு போயிடும்ங்கறதால நடவுக்கு முன்னாடியே படத்தை எடுத்து வச்சுக்கணும்.