எண்ணூறு வெள்ளி

ஆகஸ்ட் 11, 2025, திங்கள்

மறுபடியும் பதிவு நேர்காணல். எதிரே ஆள் கிடையாது. திரையில் கேள்வி வரும், அரை நிமிடம் யோசிக்கலாம், அப்புறம் இரண்டு நிமிடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பேச வேண்டும். கடன் இழப்பு ஒதுக்கீட்டில் ஆளின் தீர்ப்புக்கு எங்கே இடம் என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஐஎஃப்ஆர்எஸ் 9 என்ற சர்வதேசக் கணக்கியல் விதியின்படி, திரும்பி வராத ஆபத்து வெகுவாகக் கூடி ஒரு கடன் இரண்டாம் நிலைக்கு இறங்கிவிட்டால் 12 மாத இழப்பு போதாது, கடன் முடியும்வரைக்குமான இழப்பை ஒதுக்க வேண்டும், எப்போது இறக்குவது என்பதில்தான் தீர்ப்பு இருக்கிறது என்று ஆரம்பித்தேன். சரியாக அந்த இடத்தில் அம்மா மாத்திரை அட்டையோடு பின்னால் வந்து நின்று, "இது காலைலயா ராத்திரியா?" என்றாள். "ராத்திரி" என்றேன், திரும்பாமலே. அதுவும் பதிவாகியிருக்கும். மறுபடி பேச விடாத ரகம் இது.

ஆகஸ்ட் 13, புதன்

ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

எக்செல்லைத் திறந்தால் மூட முடிவதில்லை. வேலை தேடும் ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள்.

லண்டன். ஜூலை 22 முதல் வேலை விசாவுக்கான பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண்ட். அது எனக்குத் தடையில்லை. மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்ட், விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். நிரந்தரமாகத் தங்க 5 ஆண்டு போதும் என்பதை 10 ஆக்கப்போவதாக மே மாத வெள்ளை அறிக்கை சொல்கிறது. வயதான பெற்றோரை அழைத்துப்போகும் வழி ஏட்டளவில் இருக்கிறது, நடப்பில் கிடைத்தவர்கள் அபூர்வம். தாளை மூடினேன்.

துபாய். வருமான வரி இல்லை. எல்லோரும் இந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். பணிக்கொடைக் கணக்கு அடிப்படைச் சம்பளத்தில்தான் ஓடும்: முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். அதனால் அடிப்படையைச் சுருக்கி வீட்டுப்படியைப் பெரிதாக்கிக் கடிதம் கொடுப்பார்கள். மாதா மாதம் கைக்கு வருவது ஒன்றுதான், கிளம்பும் நாளில்தான் வித்தியாசம் தெரியும். டிஐஎஃப்சி என்ற துபாய் நிதி மையத்துக்குள் 2020 முதல் வேறு ஏற்பாடு, நிறுவனம் மாதந்தோறும் 5.83 சதவீதம் ஒரு நிதியில் போட வேண்டும், 5 ஆண்டுக்கு மேல் 8.33. அதுவும் அடிப்படையின் மேல்தான். கடிதம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த வரியை.

சிங்கப்பூர். இந்தத் தாள்தான் நீண்டுகொண்டே போகிறது. பெற்றோரை நீண்டகால வருகை அனுமதியில் வைத்துக்கொள்ள நிலையான மாதச் சம்பளம் 12,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், வேண்டும். கணவன், மனைவி, பிள்ளை என்றால் 6,000. அம்மா என்றால் இரண்டு பங்கு. அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் பூசி வைத்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று நிஜ மனிதர்கள். இடர் மேலாண்மைத் தலைவர் சிரிக்கத் தெரிந்தவர். கடன் இழப்பைக் கணிக்கும் மாதிரி தவறாகப் போன ஒரு சமயத்தைச் சொல்லச் சொன்னார், 2020-ஐச் சொன்னேன். தவணை ஒத்திவைப்பு வந்ததும் யாருமே பாக்கி வைக்காதது போலத் தரவு அழகாகிவிட்டது, அந்த அழகை நம்பாமல் மேலே ஒரு தொகையைக் கையால் ஏற்றினோம் என்றேன். தலையாட்டினார்.

அப்புறம் ஆள் துறைக்காரி (எச்ஆர்) நான் வேலையில் இல்லாத அந்த ஏழு மாத இடைவெளியைக் கேட்டாள். நிதித்துறையில் எல்லா இடைவெளிக்கும் கணக்குக் காட்ட வேண்டும், பின்னணிச் சோதனைக்காரர்கள் மாதம் மாதமாக ஒட்டிப் பார்ப்பார்கள். "அப்பா" என்றேன். புரிந்துகொண்டாள் போல, அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நான் நேர்காணல் கொடுத்த அதே வேலை சிங்கப்பூர் அரசின் மைகேரியர்ஸ்ஃபியூச்சர் வேலைத் தளத்தில் விளம்பரமாக இருக்கிறது. வெளிநாட்டவருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி கேட்பதற்கு முன் 14 நாள் அங்கே விளம்பரம் ஓடியிருக்க வேண்டும், உள்ளூர்க்காரர்களையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். நியாயம்தான். யாருடைய நாடு? ஆனால் விண்ணப்பித்தவர் எண்ணிக்கையையும் அந்தப் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். மதியம் 22. இப்போது 31.

செப்டம்பர் 2, செவ்வாய்

58.

செப்டம்பர் 3, புதன்

தூக்கம் இல்லை. பாஸ் கொடுப்பதற்கு அவர்கள் போடும் கம்பாஸ் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். 40 வேண்டும். சம்பளத்துக்கு 10 வரும் என்று நினைக்கிறேன், பட்டத்துக்கு 10. உள்ளூர்க்காரர்களை எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்பதற்குப் புள்ளி, அது நிறுவனத்தின் கையில். இன்னொன்று நாட்டினக் கணக்கு: நிறுவனத்தின் அதிகாரி மட்டத்தில் என் நாட்டவர் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 20, நாலில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் 0. எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து என் மதிப்பெண். அவர்கள் மேல் கோபம் வந்தது, ராத்திரி இரண்டு மணிக்கு, முகம் தெரியாதவர்கள் மேல்.

அப்புறம் அந்த 30 நாள். வேலை போனால் பாஸை ரத்து செய்து 30 நாள் வருகை அனுமதி கொடுப்பார்கள். அதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வரிக் கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுவனம் பிடித்து வைக்கும், அது சட்டம். என் அனுமதி போனால் அம்மாவுடையதும் போகும். ஒற்றை ஆளாக இருந்தால் 30 நாள் தாராளம். மூட்டுவலிக்காரியோடு?

செப்டம்பர் 9, செவ்வாய்

விளம்பரத்தைப் பார்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். 93.

செப்டம்பர் 16, செவ்வாய்

கிடைத்துவிட்டது!

மாதம் 11,200 வெள்ளி, போனஸ் தனி. கடிதம் பின்னால் வரும். பாஸுக்கு இது போதும். நிதித்துறையில் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 23 வயதுக்கு 6,200 என்று தொடங்கி வயதோடு ஏறி நாற்பதுகளின் நடுவில் 11,800-இல் நிற்கிறது, என் வயதுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். வரி ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 வெள்ளி, ஒரு மாதச் சம்பளம்கூட இல்லை. சேமநிதி கிடையாது: உள்ளூர்க்காரருக்கு நிறுவனம் மேலே போடும் 17 சதவீதம் எனக்கு இல்லை. ஆக என் முதுமைக்கு நானே பொறுப்பு.

பெருமையாக இருந்தது, ஒரு கால் மணி நேரம். அப்புறம் மஞ்சள் கட்டத்தைப் பார்த்தேன். 800 குறைகிறது.

செப்டம்பர் 17, புதன்

போனஸைச் சேர்க்க மாட்டார்கள். மறுபடி படித்தேன். மாட்டார்கள்.

செப்டம்பர் 20, சனி

தம்பி போய்விட்டான். இன்னும் பத்து நாள் இருப்பதாக வந்தவன். விடியுமுன் அவன் கம்பெனி வக்கீலிடமிருந்து மின்னஞ்சல்: எச்1பி வேலை விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம், ஞாயிறு பிறக்கும்போது அமலாகிறது, வெளிநாட்டில் இருப்பவர்கள் அதற்குள் அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும். கிடைத்த டிக்கெட்டை வாங்கினான். விலையைக் கேட்டேன், சொல்லவில்லை. அம்மா அவன் உள்ளங்கையில் பணத்தை மடித்து வைத்தாள், அங்கே செல்லாத பணம். வாங்கிக்கொண்டான். பல்கூடத் தேய்க்கவில்லை.

இரவு செய்தி: புதிதாக விண்ணப்பிக்கிறவர்களுக்குத்தானாம், ஏற்கனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இல்லையாம். அவன் அப்போது வானத்தில் இருந்தான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உனக்கும் இப்படி வருமா?"

அங்கே வேறு மாதிரி என்றேன். பாஸ் முதல் தடவை 2 ஆண்டு, புதுப்பித்தால் 3 ஆண்டு, விதி மாறினால் முன்கூட்டியே தேதியோடு சொல்வார்கள் என்றேன். 30 நாளைப் பற்றிச் சொல்லவில்லை.

செப்டம்பர் 24, புதன்

நிலையான மாதச் சம்பளம் என்றால் அடிப்படை மட்டும் இல்லை! மாதா மாதம் மாறாமல் வரும் படியும் அதில் சேர்த்தி. மனிதவள அமைச்சின் பக்கத்திலேயே இருக்கிறது, இத்தனை நாள் அடிப்படையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனஸில் ஆண்டுக்கு 9,600 வெள்ளியைக் குறைத்து அதை மாதம் 800 வெள்ளி நிலையான படியாகத் தர முடியுமா என்று எழுதினேன். அவர்களுக்கு ஒரு வெள்ளி கூடச் செலவில்லை. மூன்று தடவை திருத்தி, "என் தாயார்" என்று வரும் வாக்கியத்தை எடுத்துவிட்டு அனுப்பினேன். கெஞ்சுவது போல இருந்தது.

செப்டம்பர் 27, சனி

அம்மாவிடம் தாளைக் காட்டினேன். மஞ்சள் கட்டம், 800, படி எல்லாவற்றையும். கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தாள். முடித்ததும் சொன்னாள்: "நான் வரேன்னு யாரு சொன்னா?"

சண்டை. நீ தனியாக எப்படி என்றேன். "தனியா இருக்கறதுல என்னடி? அங்க வந்தா மட்டும்? நீ காலைல போனா ராத்திரி வருவ. அங்கயும் தனிதான், கதவைத் திறந்தா யாரையும் தெரியாது, அவ்ளோதான்." பதில் சொல்ல வாயெடுத்தேன். ஆஸ்பத்திரிச் செலவு என்ன ஆகும் என்று அடுத்துக் கேட்டாள். வருகை அனுமதிக்காரர்களுக்கு அங்கே அரசு மானியம் கிடையாது, முழுக் கட்டணம். எழுபதைத் தாண்டியவளுக்கு, ஏற்கனவே இருக்கிற நோயோடு, எந்தக் காப்பீட்டுக்காரன் என்ன கேட்பான் என்று அந்தத் தாளில் ஒரு வரிசைகூட நான் போடவில்லை. அவள் கேட்டபிறகு போட்டேன். காலியாக இருக்கிறது.

செப்டம்பர் 30, செவ்வாய்

பேசவில்லை. மாத்திரை மட்டும் கேட்டாள்.

அக்டோபர் 3, வெள்ளி

தம்பி கூப்பிட்டான். நீயாவது போகாதே என்றான். அடுத்த நிமிடமே, போ, ஆனால் முதல் ஆண்டு தனியாகப் போ, அம்மாவை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துக்கொள் என்றான். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு என் விடுமுறையைப் பங்கு பிரிக்கிறான். அம்மா நாலு தெரு தள்ளி அவன் பெயரில் இருக்கிற வீட்டை வாடகைக்கு விடச் சொன்னாளாம். எதற்கு என்று கேட்டதற்கு, காப்பீட்டுக்கு என்றாளாம். என்னிடம் வர மாட்டேன் என்றவள் அவனிடம் காப்பீட்டுக்குப் பணம் தேடுகிறாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

பதில். படிக்குப் பெயர் என்ன வைப்பது என்று கேட்கிறார்கள். போக்குவரத்துப் படி என்றால் அந்த நிலை ஊழியர் எல்லோருக்கும் கொடுக்க வேண்டிவரும், வீட்டுப்படி என்றால் இன்னொருவரின் ஒப்புதல் வேண்டும். வெள்ளிக்குள் சொல்கிறார்களாம். அதற்குள் நான் 11,200-க்குக் கையெழுத்துப் போட்டால் பாஸ் விண்ணப்பத்தை உடனே அனுப்பலாம், பத்து வேலை நாளில் தெரிந்துவிடும், சம்பளத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசி வரி. அடுத்த ஆண்டு.

பட்டச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் பணம் கட்டிவிட்டேன். அது எப்படியும் வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

அம்மாவின் பாஸ்போர்ட் மார்ச்சில் முடிகிறதாம். அவளே எடுத்து வந்து மேசையில் வைத்தாள். புதுப்பிக்கவா என்றேன். "சும்மா இருக்கட்டுமே, புதுப்பிச்சு வை" என்றாள். படிவத்தைப் பாதி நிரப்பியபோது ஆள் துறையிலிருந்து அழைப்பு வந்தது, வெள்ளி என்று சொன்னவர்கள் ஒரு நாள் முன்னாலேயே