இரவு இரண்டு மணிப் புரட்டல்

முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நைட் ஷிப்ட் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொன்னால் போதும். படுத்த படுக்கையாக இருப்பவரை, படுக்கைப்புண் வராமல் இருக்க, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு தளத்தில் அப்படி 6 பேர் என்றால், இரவு 8 முதல் காலை 8 வரை 36 முறை. டயப்பர் பார்த்து, துடைத்து, விரிப்பின் சுருக்கத்தை இழுத்துவிட்டு, தலையணை கொடுக்க ஒருவருக்குப் பத்து நிமிடம். இரவில் சரிபாதி இதற்கே போய்விடும். இது இருவர் செய்ய வேண்டிய வேலை. சென்னையில் பல இல்லங்களில் ஒரே அட்டெண்டர் செய்கிறார்.

தனி ஆளாகத் தூக்க முடியாது, இழுக்கத்தான் முடியும். இழுத்தால் மேல்தோல் மெத்தையோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பும் சதையும் நகரும். வெளியே ஒன்றும் தெரியாமல் படுக்கைப்புண் உள்ளிருந்து ஆரம்பிப்பது இப்படித்தான். தோளிலிருந்து தொடை வரை எட்டும் டிரா ஷீட்டை (ஆளை நகர்த்த உதவும் துணி விரிப்பை) அடியில் விரித்து, ஆளுக்கொரு பக்கம் சுருட்டிப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒன்றாகத் தூக்கி நகர்த்துவதுதான் முறை. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால் இரண்டாவது ஆள் வந்தாலும் நிற்க இடமில்லை. இன்னொரு கட்டிலுக்காக அந்த இரண்டடியை மிச்சம் பிடித்ததில் போவது பணியாளரின் இடுப்பு.

முழுக்கப் பக்கவாட்டில் படுக்க வைக்கவும் கூடாது. எடை மொத்தமும் இடுப்பெலும்பில் இறங்கிவிடும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் இருக்க. வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் ஒவ்வொரு முறையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சிவந்தால் கவனி என்று சொல்லிக்கொடுப்பார்கள். நம் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்து, தொட்டால் சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அங்கே எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது அன்பால் செய்யும் தவறு. நலிந்த சதை இன்னும் கெடும். காற்றடைத்த ஏர் பெட் மெத்தை இருக்கிறதே என்று புரட்டாமல் விடுவது அதைவிட மோசம். கரண்ட் போனால் காற்று இறங்கும், பாட்டி கட்டில் பலகையில்தான் கிடப்பார்.

பகல் ஷிப்டின் சிரமம் வேறு மாதிரி. பொழுது சாயும் நேரத்தில் டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள ஒரு பாட்டி பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார். "பசங்க ஸ்கூல்ல இருந்து வந்துருவாங்க, நான் வீட்டுக்குப் போகணும்." உங்கள் பிள்ளைக்கே அறுபது வயது ஆகிவிட்டது என்று உண்மையைச் சொன்னால் பதற்றம்தான் கூடும். "பசங்களுக்கு என்ன டிபன் பிடிக்கும் பாட்டி?" என்று கேட்டபடி கூடவே நடந்தால், வராந்தாவில் இரண்டு சுற்றுக்குள் பெரும்பாலும் பையைக் கீழே வைத்துவிடுவார். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடுவதும் உதவும். ஆனால் இதற்குக் கால் மணி நேரம் ஓர் ஆள் வேண்டும். சுகர் பார்ப்பதும் இரவுச் சாப்பாடும் அதே நேரத்தில்தான் வருகின்றன.

காலை 8 மணிக்கு "எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போவது ஹேண்டோவர், அதாவது அடுத்த ஷிப்டிடம் பொறுப்பை ஒப்படைப்பது, ஆகாது. கடைசியாகச் சிறுநீர் எப்போது போனார், மலம் போய் எத்தனை நாள், எத்தனை இட்லி இறங்கியது, இப்போது எந்தப் பக்கம் படுத்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும். நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் இன்று காலை "நீ யாரு?" என்றால், மறதி முற்றிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, ரத்தத்தில் சோடியம் இறங்குதல் இவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். மே மாதப் புழுக்கத்தில் இது அதிகம் நடக்கும், ஏனென்றால் வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது.

நேற்றும் அவரைப் பார்த்த ஆளுக்குத்தான் இந்த மாற்றம் கண்ணில் படும். புதிதாக வருபவரை ஒரு வாரமாவது பழைய ஆளோடு சேர்த்து நிற்க வைக்க வேண்டும். இரண்டு சம்பளம் ஆகிறதே என்று இரண்டாம் நாளே தனியாக நைட் போட்டுவிடுகிறார்கள்.