120 மணி நேரம்

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்ததே சான்றிதழுக்காகத்தான், பொய் சொல்ல மாட்டேன். வருடத்துக்கு 120 மணி நேரம். அதையும் எண்ணி எண்ணிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தனுஷ்கோடிக்குக் கரை சுத்தம் செய்யப் போனோம். பாட்டில், கவர் என்று சுலபமானதைப் பொறுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். கரைவலை இழுக்கிற அண்ணன் ஒருவர், "தம்பி, மணலில் புதைந்து கிடக்கிற நைலான் வலையை எடுங்கப்பா. முட்டையிட ஏறுகிற பங்குனி ஆமை அதில்தான் சிக்கும்" என்றார். ஒரே துண்டு. நான்கு பேர், முக்கால் மணி நேரம். உள்ளங்கை கிழிந்தது.

மேடை என்றாலே நடுங்குகிறவன் நான். போன வாரம் மண்டபத்தில் பள்ளிப் பிள்ளைகளிடம், ஆமை முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "அதுவரை அம்மா ஆமை எங்கே இருக்கும்?" என்றான் ஒரு வாண்டு. முட்டையிட்டதுமே கடலுக்குப் போய்விடும் என்றேன்.

அவன் முகம் வாடிவிட்டது.