ஆரோன் குருப்பட்டம் பெற்ற ஊரில்

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பலர் டேனிஷ் கோட்டையையும் கடலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நானும் அம்மாவும் புதிய எருசலேம் ஆலயத்துக்காகவே போனோம். 1733 டிசம்பர் 28-ல் இந்த ஊரில்தான் ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டண்ட் சபையில் குருவான முதல் இந்தியர் அவர்.

மயிலாடுதுறையிலிருந்து பஸ். செம்பனார்கோவில், ஆக்கூர் தாண்டியும் வழி நெடுக வயல்தான். வீட்டில் குடும்ப ஜெபத்தில் அப்போது புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு மனசெல்லாம் அதிலேயே இருந்தது. "ஏம்பா, ஆசாரியர்னா லேவி கோத்திரம்தானே? நம்ம ஆண்டவர் இயேசு யூதா கோத்திரம். அப்புறம் எப்படி அவர் பிரதான ஆசாரியர்?"

இதற்கு அவசரமாகப் பதில் சொல்ல முடியாது. லேவியின் கதையிலிருந்தே தொடங்க வேண்டும். சிமியோனும் லேவியும் சீகேம் ஊரில் பட்டயத்தால் செய்த கொடுமையை அவர்கள் தகப்பன் யாக்கோபு மரணப்படுக்கையிலும் மறக்கவில்லை. இஸ்ரவேலில் அவர்களைச் சிதறப்பண்ணுவேன் என்றார். லேவிக்கு அந்தச் சிதறலே பின்னாளில் ஊழியமாக மாறியது. பொன் கன்றுக்குட்டியைச் செய்து ஜனங்கள் பாவத்தில் விழுந்தபோது மோசேயிடம் வந்து கூடினவர்கள் லேவியர்தான். மோசேயின் அண்ணன் ஆரோனின் குடும்பம் ஆசாரியரானது, மற்ற லேவியர் ஆராதனைக் கூடாரப் பணிக்கு வந்தார்கள். நிலம் மட்டும் அவர்களுக்குக் கிடையாது. குடியிருக்க 48 பட்டணங்கள், பிழைப்புக்குத் தசமபாகம், அவ்வளவுதான். நானே உன் பங்கு என்று கர்த்தர் ஆரோனிடம் சொல்லிவிட்டார். எத்தனை மா நிலம் என்று கேட்டே ஒரு குடும்பத்தை எடைபோடுகிற எங்கள் டெல்டாவில் அந்த வார்த்தையின் கனம் யாருக்கும் புரியும்.

வம்சத்தையோ கறாராகப் பார்த்தார்கள். பாபிலோனிலிருந்து திரும்பி வந்தபோது, வம்ச அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடியும் காணாத சில ஆசாரியக் குடும்பங்கள் ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டன. எஸ்றாவின் புத்தகத்தில் இருக்கிறது. அப்படியிருக்க யூதாவில் பிறந்தவர் எப்படி? எபிரெயர் நிருபம் இந்தச் சிக்கலை மூடி மறைக்கவே இல்லை. அந்தக் கோத்திரத்தாருக்கு ஆசாரியத்துவம் உண்டென்று மோசே சொல்லவில்லை என்பதை அதுவே எடுத்துச் சொல்கிறது. அப்புறம் நம்மை ஆபிரகாம் காலத்துக்கே கூட்டிக்கொண்டு போகிறது. அங்கே சாலேமின் ராஜா மெல்கிசேதேக்கு அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்து ஆபிரகாமை ஆசீர்வதிக்கிறார். அவருடைய தகப்பன் யார், தாய் யார் என்று வேதம் சொல்வதில்லை. லேவி பிறப்பதற்கு முன்பே ஆபிரகாம் அவருக்குத் தசமபாகம் கொடுத்தாயிற்று. 110-ஆம் சங்கீதம் சொல்கிற என்றென்றைக்குமான ஆசாரியத்துவம் அவருடைய முறைமையின்படியானது. நம் ஆண்டவர் அழியாத ஜீவனின் வல்லமையால் அந்த ஆசாரியரானார். இதைச் சொல்லி முடிக்கும் முன்பே ஊர் வந்துவிட்டது.

ஆலயம் 1718-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கட்டியது. சிலுவை வடிவம், முகப்பில் டென்மார்க் மன்னரின் சின்னம். அடுத்த ஆண்டே இறந்துபோன அவரை உள்ளே பலிபீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்திருக்கிறார்கள். கடலூரில் சைவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த ஆரோனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் அவர்தான். முழங்காலிட்டபோது ஆரோன் என்ற அந்தப் பெயர்தான் என் மனதில் ஓடியது. லேவியின் வம்சத்துக்கும் இந்தக் கடலூர்க்காரருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் ஆரோன் என்ற பெயரோடு நம் ஜனங்களுக்கு அப்பமும் ரசமும் கொடுத்தார்.

இன்னொருவரையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ராஜநாயக்கன், தஞ்சை அரசரின் படையில் இருந்து பிறகு உபதேசியாரானவர். எதிர்ப்புகளுக்கு நடுவே சபையை வளர்த்தவர். ஆரோனுக்குப் பிறகு அடுத்த குருவைத் தேடியபோது இவர் பெயரும் எழுந்தது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் கையால் மற்றவர்கள் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்று பயந்து, மிஷனரிகள் அவருக்குப் பட்டம் கொடுக்காமலே விட்டுவிட்டார்கள். 1715-லேயே புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்த ஊர் இது. எபிரெயர் ஏழாம் அதிகாரம் அவர்கள் கையிலேயே இருந்தது. அதை வைத்துக்கொண்டே ஒரு மனிதரைப் பிறப்பைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள் என்பதை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "அவருக்காகவும் ஸ்தோத்திரம் பண்ணுவோம்பா" என்றார்கள். இரண்டு பேருக்காகவும் பண்ணினோம். ராஜநாயக்கனுக்காகத்தான் அதிக நேரம்.