வட்டி வேண்டாம் என்றவர்களின் பணம்

பல்கலைக்கழக இஸ்லாமிய ஆய்வு மையம் ஒன்றின் ஆலோசனைக் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்றதும் கிருஷ்ணகிரியில் பாதிப் பேர் கேட்டது, "சார், நீங்க எதுக்கு அங்க?" என்றுதான். நியாயமான கேள்வி. நான் முஸ்லிம் இல்லை. அரபி தெரியாது. உருது கேட்டால் புரியும், பேசினால் பழையபேட்டையில் சிரிப்பார்கள். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன், அவ்வளவுதான் தகுதி.

மையத்தின் இயக்குநர் சொன்ன காரணம் எளிமையானது. குழுவில் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார். கணக்கு தெரிந்தவரும், தர்மபுரி கிருஷ்ணகிரிப் பக்கத்து ஜமாஅத்துகளில் (பள்ளிவாசலைச் சுற்றிய முஸ்லிம் சமூகங்களில்) வீட்டுக்குள் போய் உட்காரக்கூடியவருமாக ஓர் ஆள் இல்லை. பல பள்ளிவாசல்களின் கணக்கு என் கிளையில் இருந்ததால் அவற்றை நிர்வகிக்கும் முத்தவல்லிகள் பலரை எனக்குத் தெரியும். எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப்போவதில்லை. அங்கே இன்னும் சில கோப்புகள் நகர வேண்டியிருக்கிறது.

நியமனம் நடக்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்மதக் கடிதம், தன்விவரக் குறிப்பு, பான் அட்டை நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல் கேட்பார்கள். மையம் பெயர்களைப் பரிந்துரைக்கும், துணைவேந்தர் ஒப்புதலோடு ஆட்சிக்குழுவுக்குப் போகும், பிறகு பதிவாளர் கையெழுத்தோடு ஆணை வரும். பதவிக்காலம் மூன்று ஆண்டு. என்ன அதிகாரம் என்று ஆணையைத் தேடிப் படித்தால் ஆலோசனை சொல்லலாம் என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. பாடத்திட்டத்தை முடிவு செய்வது பாடத்திட்டக் குழு, அதற்கு மேல் கல்விப் பேரவை. ஆசிரியரை எடுப்பது தேர்வுக் குழு. பணத்தைத் தொடுவது நிதி அலுவலர். நமக்கு மேசை, தேநீர், பேச ஒரு வாய்ப்பு. பயணப்படி உண்டு. ஆனால் பஸ் டிக்கெட்டை உடனே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இப்போதைய டிக்கெட்டில் எழுத்து சீக்கிரம் வெளுத்துவிடுகிறது, வெறும் வெள்ளைத் தாளுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள்.

முதல் கூட்டத்தில் இரண்டு பேர் மதரசாவையும் பல்கலைக்கழக மையத்தையும் ஒன்றாக்கிப் பேசினார்கள். இயக்குநர் பொறுமையாக விளக்கினார். இமாம்களை உருவாக்க உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் 1924 முதல் இருக்கிறது, வேலூரில் பாகியாத்துஸ் ஸாலிஹாத் அதற்கும் முந்தியது. பல்கலைக்கழக மையம் செய்வது வேறு. வரலாறு, சட்டம், கலை, சீறாப்புராணம் முதலான தமிழ் இலக்கியம், தமிழை அரபி எழுத்தில் எழுதிய அறபுத்தமிழ் நூல்கள் எல்லாவற்றையும் எந்த மதத்து மாணவரும் வந்து படிக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் நீதிபதி பஷீர் அகமது சயீத் பெயரில் அப்படி ஒரு மையம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இலங்கை அறிஞர் ம.மு. உவைஸ் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென்றே இருக்கையில் அமர்ந்து, பீ.மு. அஜ்மல்கானோடு சேர்ந்து அதன் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். ஆக்ஸ்போர்டில் 1985இல் தொடங்கிய இஸ்லாமிய ஆய்வு மையத்தின் அறங்காவலர் குழுத் தலைவராக 1999இல் இறக்கும்வரை இருந்தவர் லக்னோவின் மௌலானா அபுல் ஹசன் அலீ நத்வி. ஆலிம் ஒருவர் பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு பயன்படலாம் என்பதற்கு இந்த உதாரணத்தைச் சொன்னதும் எங்கள் குழுவின் மூத்த ஆலிமான ஹஜ்ரத் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சரி, என் வேலைக்கு வருகிறேன். ஊரில் மாம்பழக்கூழ் வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர். நான் அவரை பாய் என்பேன், அவருக்கு நான் இன்னமும் மேனேஜர் சார். இறந்துபோன தன் தந்தையின் பெயரில் மையத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர முன்வந்தார். இயக்குநருக்கு மகிழ்ச்சி. பல்கலைக்கழகத்தில் அதற்குத் தயாராக ஒரு படிவம் உண்டு: பணத்தை நிரந்தர வைப்பில் போட்டு, வருகிற வட்டியில் ஆண்டுக்கொரு அறக்கட்டளைச் சொற்பொழிவு, ஒரு பதக்கம். 7 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 70,000. படிவத்தைப் படித்துக் காட்டினேன். மூன்றாவது பத்தியில் பாய் கையை உயர்த்தினார்.

"மேனேஜர் சார், எங்க அப்பா பேர்ல வட்டிக் காசா?"

இஸ்லாத்தில் வட்டி விலக்கப்பட்டது. எனக்கு இது புதிதில்லை. வங்கியில் இருந்தபோது பள்ளிவாசல் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போடச் சொன்னால் மறுத்து, வட்டியே வராத நடப்புக் கணக்கில் வைத்தவர்கள் உண்டு. சொந்தச் சேமிப்புக் கணக்கில் விழும் வட்டியை மார்ச் கடைசியில் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகையை நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. தர்மமாகக்கூட அதை எண்ணமாட்டார்கள், கையைக் கழுவுவது போலத்தான். ஆனால் இஸ்லாமிய ஆய்வுக்கென்றே வைத்த மையத்தின் அறக்கட்டளைப் படிவத்தில் இந்தப் பேச்சே எழவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. படிவம் எல்லாத் துறைக்கும் பொதுவானது, அதனால் யாரும் யோசிக்கவில்லை.

நிதிப் பிரிவில் ஒருவர் குறுக்கு வழி சொன்னார். ஒப்பந்தத்தில் வைப்புத்தொகை பற்றியே எழுதாமல் விட்டுவிடலாம், உள்ளே நாங்கள் வழக்கம்போலச் செய்துகொள்கிறோம் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வேலை முடியட்டும் என்றுதான் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கொடுக்கிறவருக்குத் தெரியாமல் அவருடைய மார்க்கத்துக்கு விரோதமாக அவர் பணத்தைப் பயன்படுத்தினால், அடுத்த முறை எந்த முகத்தோடு ஜமாஅத்துக்குள் நுழைவது?

அடுத்து கடை வாடகை. பாயின் குடும்பத்துக்குப் பேருந்து நிலையம் பக்கம் கடைகள் இருந்தன. ஒன்றை மையத்துக்கு எழுதிவைத்தால் வாடகை வருமே, அதில் வட்டி இல்லையே என்றார் மூத்த மகன். சொத்தை அறப்பணிக்கு நிரந்தரமாக எழுதிவைக்கும் வக்ஃபு என்ற ஏற்பாடு நூற்றாண்டுகளாக நடப்பது இப்படித்தான், யோசனையில் குற்றமில்லை. ஆனால் பல்கலைக்கழகம் வேறு மாவட்டத்துக் கடையை வாங்கி, சொத்து வரி கட்டி, காலி செய்ய மறுக்கும் வாடகைதாரர்மேல் வழக்கும் நடத்துமா? எஸ்டேட் பிரிவு கேட்ட மாத்திரத்தில் முடியாது என்றது. முறைப்படி வக்ஃபு செய்தால் வக்ஃபு வாரியத்தில் பதிவு, ஆண்டுக் கணக்கு, வாரியத்துக்குப் பங்களிப்பு, முத்தவல்லி யார் என்ற குடும்பச் சண்டை. இருக்கிற பெரும்பான்மை வக்ஃபுக் கடைகளின் வாடகை எந்த லட்சணத்தில் வசூலாகிறது என்பது ஊருக்கே தெரியும். அதையும் விட்டோம்.

கடைசியில் நின்றது, பணத்தைச் சேர்த்து வைக்காமல் செலவழித்துத் தீர்ப்பது. பத்து ஆண்டுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் மாணவர் உதவித்தொகை. பணம் தனி நடப்புக் கணக்கில் இருக்கும், ஒரு பைசா வட்டி வராது, பத்தாம் ஆண்டு முடிவில் கணக்கு மூடப்படும். இதில் ஒரு குறை உண்டு, அதை நான் மறைக்கவில்லை: தாத்தா பெயர் பல்கலைக்கழகத்தில் நிரந்தரமாக நிற்காது. மகன்களுக்கு அதுதான் உறுத்தியது. நான் பழைய அறக்கட்டளைகளின் பட்டியலைக் காட்டினேன். ஒரு காலத்தில் 10,000 ரூபாய் பெரிய தொகை. இன்று அதன் வட்டி ஆண்டுக்கு 700, வருகிற பேச்சாளருக்குப் பொன்னாடையும் தேநீரும் வாங்கினால் சரியாகிவிடும். பெயர் நிற்கிறது, வேலை நின்றுவிட்டது. பாய் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பத்து வருஷம் பிள்ளைங்க படிக்கட்டும். அப்புறம் நீங்க உங்க காசைப் போடுங்க" என்று மகன்களிடம் சொன்னார்.

குடும்பம் ஒத்துக்கொண்டது, இனி எல்லாம் சுலபம் என்று நினைக்கத் தோன்றும். இனிமேல்தான் நிதிப் பிரிவு. மாநிலப் பல்கலைக்கழகக் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்க்கிறது. 10 லட்சத்தை வட்டியில்லாமல் ஏன் சும்மா போட்டு வைத்தீர்கள் என்று தணிக்கைக் குறிப்பு வரும், பதில் சொல்வது யார் என்று கேட்டார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். அதனால் அவர்களோடு மோதாமல் தணிக்கைக்குப் பதிலாகக் காட்டக்கூடிய தாளைத் தயார் செய்தோம். இந்தப் பணம் வட்டி ஈட்டும் எந்த வைப்பிலும் போடப்படக்கூடாது என்பது நன்கொடையாளரின் நிபந்தனை என்று அவர் கைப்பட ஒரு கடிதம். அந்த நிபந்தனையோடு ஏற்றுக்கொள்வதாக ஆட்சிக்குழுவின் தீர்மானம். ஒப்பந்தத்தில் தீர்மான எண். இந்த மூன்றும் சேர்ந்ததும் நிதி அலுவலர் கையெழுத்துப் போட்டார். நடுவில் ஓர் ஆட்சிக்குழுக் கூட்டம் தள்ளிப்போய், கோப்பு ஒரு பருவம் முழுக்கத் தூங்கியது தனிக் கதை.

ஒப்பந்தத்தில் நாங்கள் சண்டை போட்டுச் சேர்த்த வேறு இரண்டு வரிகளும் உண்டு. ஓர் ஆண்டில் தகுதியான மாணவர் கிடைக்காவிட்டால் அந்தத் தொகை அடுத்த ஆண்டுக்குப் போகும், பொது நிதியில் கலக்காது. மாணவரைத் தேர்ந்தெடுப்பது மையத்தின் குழு, நன்கொடையாளருக்குப் பெயர்ப் பட்டியலும் பயன்பாட்டுச் சான்றிதழும் மட்டுமே வரும். இரண்டாவது வரிக்கு எதிர்ப்பு வந்தது பாயின் தம்பியிடமிருந்து. "காசு நம்மது, பிள்ளை யாருன்னு நாம சொல்லக்கூடாதா?" நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்று போடலாம், அவர்களுக்கு மட்டும் என்று போட முடியாது. ஆண் பெண் பிரிவினை கிடையாது. தெரிந்த பையன் என்று சிபாரிசு செய்யவும் முடியாது. இதை நயமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் முகம் மாறவில்லை. பணம் கொடுத்தபிறகு உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, அதனால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள் என்று நேராகச் சொன்னபிறகுதான் சம்மதித்தார். கொடுக்கிறவருக்கு எது கிடைக்காது என்பதைக் காசோலைக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். ஆலோசனைக் குழு உறுப்பினர் செய்யும் வேலையில் பாதி இதுதான் என்பது என் கருத்து. பேராசிரியர்களுக்கு இது வாயில் வராது, கேட்கிறவர் கோபித்துக்கொள்வாரோ என்று குழைவார்கள்.

வரிச் சலுகை பற்றியும் எல்லோரும் கேட்பார்கள். நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு அனுமதி உள்ள நிறுவனத்துக்குக் கொடுத்தால் கழிவு உண்டு, அதற்கு நிறுவனம் சான்றிதழ் தரவேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு எப்படிக் கொடுத்தாலும் இந்தக் கழிவு கிடையாது. மாங்காய் சீசனில் கட்டுக்கட்டாக ரொக்கம் புழங்கும் ஊரில் இந்தக் கடைசி இரண்டு விஷயங்களைச் சொன்னதும் சிலர் ஆர்வம் அடங்கிவிட்டது. பாய்க்கு அது பொருட்டில்லை.

குழுவுக்காக நான் செய்த இன்னொரு வேலை பழைய தாள்கள் சம்பந்தப்பட்டது. ஹைதர் அலி, திப்பு காலத்தில் கிருஷ்ணகிரி, தர்மபுரி அடங்கிய இந்தப் பாராமகால் பகுதி மைசூரோடு இருந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது, கேப்டன் ரீடும் அவருக்கு உதவியாக இளம் தாமஸ் மன்றோவும் நிலவரி போட வந்தார்கள். அதற்கு முன்பே தர்காக்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் கொடுத்த மானியச் சீட்டுகள் பாரசீக எழுத்தில் சில குடும்பங்களில் இன்னும் இருக்கின்றன. மையத்து ஆய்வு மாணவர்கள் அவற்றைப் படிக்க ஆசைப்பட்டார்கள். முத்தவல்லிகள் கதவைத் திறக்கவில்லை. தாளைக் காட்டினால் நிலம் போய்விடும் என்ற பயம். ஏற்கெனவே போன நிலங்களைப் பார்த்தால் அந்தப் பயத்தைத் தப்பென்று சொல்ல முடியாது.

நாங்கள் வைத்த ஏற்பாடு இது: தாள் வீட்டைவிட்டு வெளியே போகாது. குடும்பத்தார் முன்னிலையில் அங்கேயே படம் எடுப்பது, படத்தின் ஒரு பிரதியும் தமிழில் அதன் சாரமும் அவர்களுக்கு. நிலத்தின் எல்லை விவரம் இருக்கும் பக்கத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் கட்டுரையில் போடக்கூடாது. மானிய நிலங்களை விசாரித்த பத்தொன்பதாம் நூற்றாண்டு இனாம் ஆணையத்தின் பதிவேடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, உங்கள் தாளோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க உதவுகிறோம் என்றதும்தான் பல வீடுகளில் பெட்டி திறந்தது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது அந்தக் குடும்பங்களுக்கே தெரியாமல் இருந்தது. ஒரு வீட்டில், நிலத்துக்கானது என்று நம்பி வைத்திருந்தது விளக்கெண்ணெய்ச் செலவுக்கான சிறு உத்தரவு என்று தெரியவந்து, பாட்டி அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

குழுவில் யார் உட்காருவது என்பதில் சுன்னத் ஜமாஅத், தவ்ஹீத் என்ற முஸ்லிம்களின் இரு பிரிவுகளுக்கிடையே இழுபறி வந்தது. விரிவாக எழுத ஒன்றுமில்லை. இரண்டு தரப்புக்கும் மையத்தின் நூலகம் திறந்திருக்கும், பிரதிநிதித்துவம் என்று யாருக்கும் இடம் கிடையாது என்று இயக்குநர் முடித்துவிட்டார்.

மதரசாவில் ஓதி முடித்த பிள்ளைகள் விஷயம்தான் இன்னும் பாக்கி. ஏழெட்டு வருடம் அரபி படித்துவிட்டு வருகிறார்கள், பிளஸ் டூ இல்லாததால் இங்கே பட்டப்படிப்பில் சேர முடியவில்லை. அலிகர், ஜாமியா மில்லியா போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்கள் சில மதரசாக்களின் சான்றை ஏற்கின்றன. நம் பக்கத்தில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பிளஸ் டூ எழுதுவதுதான் நடைமுறை வழி. அதற்கான தேர்வுக் கட்டணத்தை உதவித்தொகையில் சேர்க்கலாமா என்று கேட்டேன். மையத்தின் மாணவராகாதவருக்கு மையத்தின் பணம் போகாது என்றார்கள், சரிதான். அதைப் பாயின் மகன்கள் ஊரிலேயே தனியாகச் செய்கிறார்கள், பல்கலைக்கழகத்துக்கு அதில் பங்கில்லை.

முதல் உதவித்தொகை ஓசூரிலிருந்து வரும் ஒரு மாணவிக்கும் பாலக்கோட்டுப் பையன் ஒருவனுக்கும் போனது. பையன் முஸ்லிம் இல்லை, மானியச் சீட்டுகளை ஆய்வு செய்யப் பாரசீகம் படிக்கிறான். பட்டியலைப் பார்த்த பாயின் தம்பி என்னைக் கூப்பிட்டார். பயந்துகொண்டே எடுத்தேன். அந்தப் பையனுக்குத் தங்குமிடம் இருக்கிறதா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

இப்போது தர்மபுரியில் ஒரு குடும்பம் இதேபோல் கொடுக்க விரும்புகிறது. நன்கொடையாளர் கடிதம், தீர்மான நகல், ஒப்பந்தத்தின் அந்த இரண்டு வரிகள் மூன்றையும் அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். என் பதவிக்காலம் அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்துக்குள் முடிகிறது, அதற்கு முன் கோப்பை எண் போட்டு உள்ளே சேர்த்துவிட்டால் போதும்.